மைப்பேனை சேகரிப்பு: எண்ணிட்ட ஆடம்பரப் பதிப்புகள்

மைப்பேனைகளை அவற்றின் மூலப்பொருள், வேலைப்பாடு, வரலாறு ஆகியவற்றுக்காகத் தேடிச் சேர்த்துப் பேணுவதே மைப்பேனை சேகரிப்பு. இத்தனைதான் செய்வோம் என்று முன்கூட்டியே அறிவித்து, ஒவ்வொரு பேனையிலும் தொடரிலக்கம் பொறித்து விற்கும் ஆடம்பரப் பதிப்புகளைத் தேடுவது அதற்குள் தனிப் பிரிவாக வளர்ந்திருக்கிறது. மூடியின் வளையத்திலோ உடலின் அடிப்பக்கத்திலோ சாய்கோட்டின் ஒரு புறம் அந்தப் பேனையின் இலக்கமும் மறுபுறம் மொத்த எண்ணிக்கையும் இருக்கும். இவை பெரும்பாலும் ஜேர்மனி, இத்தாலி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய நாட்டு நிறுவனங்களின் படைப்புகள். ஆயினும் தமிழ் வாசகர் அறியவேண்டிய வரலாறு இலங்கை இறப்பர்த் தோட்டங்களோடும் கோதாவரிக் கரையின் கடைசல் பட்டறை ஒன்றோடும் பிணைந்தது.

மூலப்பொருளும் தோற்றமும்

நம்பி எழுதத்தக்க மைப்பேனை 1884இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு நியூயோர்க்கைச் சேர்ந்த லூயிஸ் எட்சன் வோட்டர்மன் காப்புரிமை பெற்றார். மை வெளியேறும்போது அது விட்ட இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போகவேண்டும். போகாவிட்டால் மை நின்றுவிடும், அளவுக்கு மிஞ்சிப் போனால் தாளில் கொட்டிவிடும். நிப்பின் அடியில் பொருந்தும் நாக்குப் போன்ற உறுப்பில் நுண்ணிய வெட்டுக்கோடுகளை இட்டு, மை இறங்கவும் காற்று ஏறவும் ஒரே பாதையில் வழிசெய்ததே அவர் கண்ட தீர்வு. இன்று பல இலட்சம் ரூபாவுக்கு விற்கும் தங்கப் பேனைக்குள்ளும் இதே ஏற்பாடுதான்.

அந்த நாக்கும் பேனையின் உடலும் எபனைற்றால் ஆனவை. இறப்பரோடு கந்தகத்தை நூற்றுக்கு 30 பங்கு அளவில் கலந்து நீண்ட நேரம் சூடாக்கினால், இழுபடும் தன்மை போய்க் கொம்புபோல இறுகிய கரும்பொருள் கிடைக்கும். நெல்சன் குட்இயர் 1851இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். எபனைற்றை மை அரிப்பதில்லை. அது கைக்குள் குளிராது. கடைசலில் இணக்கமாக வெட்டுப்படும். நாக்கு உறுப்புக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் இன்னும் வரவில்லை. பிளாஸ்டிக்கில் மை துளியாகத் திரண்டு நிற்க, எபனைற்றில் படர்ந்து ஒட்டிக்கொள்ளும். விலையுயர்ந்த பேனைகளில் இன்றும் எபனைற்று நாக்கு பொருத்தப்படுவது இதனாலேயே.

தொடக்கத்தில் இந்த இறப்பர் பிரேசில் காடுகளிலிருந்து வந்தது. ஹென்றி விக்கம் அங்கிருந்து கொண்டுபோன விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. 1876இல் ஏறத்தாழ 1,900 நாற்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவின் ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவில் நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டத் தொழிலுக்கு அதுவே வித்து. களுத்துறை, கேகாலைப் பக்கங்களில் தோட்டங்கள் பரவின. 1913ஆம் ஆண்டளவில் தோட்ட இறப்பர் உலகச் சந்தையில் காட்டு இறப்பரை முந்திவிட்டது. மைப்பேனை உலகெங்கும் கைப்பொருளாக மாறியதும் இதே ஆண்டுகளில்தான்.

பிறகு பொருள் மாறியது. 1920களில் பல வண்ணங்களில் செலுலோயிட் வந்து எபனைற்றைப் பின்தள்ளியது. பார்க்கர் நிறுவனத்தின் செந்நிற டியூஃபோல்ட் 1921இல் வந்தபோது எபனைற்றாக இருந்தது. சில ஆண்டுகளில் அதுவும் பிளாஸ்டிக்குக்கு மாறியது. மை நிரப்பும் முறைகளும் பெருகின. சொட்டுக்குழாயால் நிரப்புவது மிகப் பழையது. நெம்புகோலை இழுத்து உள்ளிருக்கும் இறப்பர்ப் பையை அமுக்கும் அமெரிக்க ஷீஃபர் நிறுவனத்தின் முறை 1912இல் வந்தது. அடிப்பகுதியைத் திருகி உந்துதண்டால் மையை உறிஞ்சும் முறையை ஜேர்மனியின் பெலிக்கான் 1929இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1941இல் விற்பனைக்கு வந்த பார்க்கர் 51 நிப்பை உறைக்குள் மறைத்தது.

ஜப்பான் வேறு வழியில் போனது. 1918இல் ரியோசுகே நமிக்கியும் மசாவோ வாடாவும் தொடங்கிய, பின்னாளில் பைலட் என்று அறியப்பட்ட நிறுவனம், எபனைற்று உடலின்மேல் உருசி அரக்கு பூசி, அரக்கு ஈரமாக இருக்கையில் தங்கத்தூள் தூவிச் சித்திரம் செய்யும் மக்கி-எ கலையைப் பேனைக்குக் கொண்டுவந்தது. 1930இல் இலண்டனின் டன்ஹில் நிறுவனத்தோடு அது செய்த உடன்பாட்டால் அப்பேனைகள் ஐரோப்பியச் செல்வர்களை அடைந்தன. கலைஞர் கையொப்பமிட்ட அந்தப் பேனைகளில் தொடரிலக்கம் கிடையாது. ஆனாலும் எண்ணிட்ட பதிப்புகளில் மிகப் பல அவற்றின் அருகே நிற்கத் தகுதியற்றவை.

இராஜமுந்திரி

இந்தியாவில் பேனை செய்யும் முயற்சிகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நடந்தன. வாரணாசியில் ராதிகா நாத் சாகா ‘லட்சுமி’ என்ற பெயரில், நிப்புக்குப் பதிலாகக் குழல்முனை கொண்ட ஸ்டைலோ பேனை செய்தார். எனினும் சுதேசி மைப்பேனையின் வரலாற்றைக் கோதாவரிக் கரையிலுள்ள இராஜமுந்திரியிலிருந்து தொடங்குவதே முறை. நிப்பு முதல் மூடிவரை உள்நாட்டிலேயே ஆகவேண்டும் என்ற பிடிவாதம் அங்கேதான் முழுமை பெற்றது.

பொற்கொல்லர் மரபில் வந்த கொசூரி வேங்கட ரத்தினம் 1932இல் ரத்தினம் பேனை நிறுவனத்தைத் தொடங்கினார். காந்திக்கு அவர் முதலில் கொடுத்த பேனையில் நிப்பு வெளிநாட்டது. அதனால் காந்தி அதை முழுச் சுதேசியாக ஏற்கவில்லை என்பது ரத்தினம் குடும்பத்தார் சொல்லும் வரலாறு. நிப்பையும் உள்நாட்டிலேயே செய்து மீண்டும் அனுப்பினார் ரத்தினம். அப்பேனை அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் ஜே. சி. குமரப்பா வழியாகக் காந்தியின் கைக்குப் போனது. 1935 ஜூலை 16 அன்று வார்தாவிலிருந்து காந்தி நன்றிக் கடிதம் எழுதினார். எழுதிப் பார்த்தேன், கடைவீதியில் காணும் அயல்நாட்டுப் பேனைகளுக்கு இது நல்ல மாற்று என்பதே அதன் சாரம். இடையில் நின்ற குமரப்பா 1892இல் தஞ்சாவூரில் பிறந்த தமிழர்; கிராமப் பொருளாதாரத்தைக் கொள்கையாக வகுத்தவர். பேனை வரலாறு எழுதுவோர் அவர் பெயரை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. அது சரியல்ல.

இந்த மரபின் வேலைமுறை இன்றும் பெரிதாக மாறவில்லை. எபனைற்றுத் தண்டை அளந்து வெட்டி, நடுவே துளையிட்டு, கடைசலில் பூட்டி உளியால் சீவுவார்கள். சீவல் கருநாடாவாகச் சுருண்டு விழும். பட்டறை முழுவதும் கந்தக வாடை அடிக்கும். மூடிக்கும் உடலுக்கும் திருகுமரை வெட்டுவதே கடினமான கட்டம். மயிரிழை பிசகினாலும் மை கசியும். மெருகேற்றியபின் நிப்பைத் தாளில் எழுதிப் பார்த்து, நாக்கைச் சூடாக்கி அதனோடு படியவைப்பார்கள். கையால் ஒவ்வொன்றாகச் செய்வதால் இரண்டு பேனைகள் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. எண் பொறிக்காவிட்டாலும் ஒவ்வொன்றும் தனிப் பதிப்பே. சேகரிப்பாளர் இவற்றை ‘மலிவு நாட்டுப் பேனை’ என்ற வரிசையில் வைப்பது அறியாமையால் நேர்வது.

சென்னையிலும் திருவள்ளூரிலும் இதே மரபின் தமிழ்க் கிளைகள் உண்டு. சென்னைப் பாரிமுனையில் 1920களில் தொடங்கிய ஜெம் அண்ட் கோ, ‘காமா’ என்ற பெயரில் எபனைற்றுப் பேனைகளை விற்றுவருகிறது. திருவள்ளூரில் எம். எஸ். பாண்டுரங்கன் நிறுவிய ரங்கா பட்டறையின் கைக்கடைசல் பேனைகள் இன்று அமெரிக்க, ஐரோப்பியச் சேகரிப்பாளரிடமும் போகின்றன. மு. கருணாநிதி நெடுங்காலம் எழுதிய பேனை மும்பைத் தயாரிப்பான வாலிட்டி. அது எண்ணிட்ட பதிப்பல்ல, கடையில் எவரும் வாங்கக்கூடிய சாதாரணப் பேனை.

எண்ணிட்ட பதிப்பின் எழுச்சி

முதல் எண்ணிக்கைப் பதிப்பு பார்க்கர் நிறுவனத்தினது. 1715இல் ஃபுளோரிடாக் கரையோரம் சூறாவளியில் மூழ்கிய ஸ்பானியக் கப்பல் தொகுதியிலிருந்து மீட்ட வெள்ளியை உருக்கி, 1965இல் 4,821 பேனைகள் செய்தார்கள். பார்க்கர் 75 என்ற மாதிரியின் வடிவமே அதற்கும். சாதாரண மாதிரி 25 டொலருக்குப் போனபோது இதன் விலை 75 டொலர். கடலடி வெள்ளி தீர்ந்தால் பேனையும் தீர்ந்தது. எண்ணிக்கையைப் பொருளே விதித்தது. இந்த நேர்மை பின்வந்த பதிப்புகள் பலவற்றில் இல்லை.

பந்துமுனைப் பேனையும் பின்னர் கணினியும் மைப்பேனையின் அன்றாடத் தேவையைப் பறித்தபின், நிறுவனங்கள் அதை அணிகலனாக்கின. ஜேர்மனியின் மொண்ட்பிளாங்க் 1992இல் இரு தொடர்களைத் தொடங்கியது. கலைப் புரவலர் வரிசையின் முதற்பேனை லொரென்சோ டி மெடிச்சி, 4,810 எண்ணிக்கை; எழுத்தாளர் வரிசையின் முதற்பேனை ஹெமிங்வே. 4810 என்பது மொண்ட்பிளாங்க் மலையின் உயரமாக மீற்றரில் கொள்ளப்பட்ட இலக்கம். அந்நிறுவனத்தின் நிப்புகளிலும் அதுவே பொறிக்கப்பட்டிருக்கும். பின்னர் 888 எண்ணிக்கைப் பதிப்புகளும் வந்தன. எட்டு சீனருக்கு நல்லூழின் இலக்கம். மலையின் உயரமும் ராசி எண்ணும் இங்கே உற்பத்தி அளவைத் தீர்மானித்தன.

எழுத்தாளர் வரிசையில் 1996இல் வந்த அலெக்சாந்தர் டூமா பேனையில் தந்தையின் கையொப்பத்துக்குப் பதிலாக, அதே பெயர் கொண்ட மகனின் கையொப்பம் முதலில் பொறிக்கப்பட்டுவிட்டது. நிறுவனம் திருத்தியது. திருத்தத்துக்கு முந்திய பேனைகளைச் சேகரிப்பாளர் கூடுதல் விலை கொடுத்துத் தேடுகிறார்கள்.

காந்தி பேனை

2009 செப்டெம்பரில், காந்தி பிறந்தநாளையொட்டி, மொண்ட்பிளாங்க் அவர் பெயரில் பேனை வெளியிட்டது. 18 கரட் தங்கத்தில் 241. விலை குறைந்த பதிப்பு 3,000. 241 என்பது 1930 தண்டி யாத்திரையின் மைல் கணக்கு என்றது நிறுவனம். இராட்டை நூலை நினைவூட்டப் பேனையில் தங்கக் கம்பி சுற்றியிருந்தது. கிளிப்பில் காவிநிறக் கல். நிப்பில் கோலூன்றி நடக்கும் காந்தியின் உருவம். தங்கப் பதிப்பின் விலை 11 இலட்சம் இந்திய ரூபாவுக்கு மேல். காந்தியின் கொள்ளுப்பேரன் துஷார் காந்தி தம் அறக்கட்டளைக்கு நிறுவனத்தின் நன்கொடையை ஏற்றார்.

கேரளத்தின் நுகர்வோர் அமைப்பொன்று, சின்னங்களையும் பெயர்களையும் முறைகேடாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்வைத்து நீதிமன்றம் போனது. 2010 தொடக்கத்தில் நிறுவனம் வருத்தம் தெரிவித்து, இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. காந்தி விரும்பி எழுதிய பேனை எது என்பதற்கு 1935ஆம் ஆண்டுக் கடிதம் சான்றாக இருக்கையில், அவர் பெயருக்கு உரிமையுள்ள பேனை இராஜமுந்திரியினதே.

இனங்காணலும் பேணலும்

எண்ணிட்ட பதிப்பில் பேனையின் இலக்கமும் சான்றிதழின் இலக்கமும் ஒன்றாயிருக்கவேண்டும். பெட்டி, சான்றிதழ், கைந்நூல் மூன்றும் இல்லாத பேனைக்கு விலை வெகுவாகக் குறையும். மொண்ட்பிளாங்கின் கறுப்புப் பிசின் உடலைப் பலத்த ஒளிக்கு நேரே பிடித்தால் ஆழ்ந்த செந்நிறம் தெரிவதுண்டு. போலிகள் பெரும்பாலும் இருண்டே நிற்கும். பழைய எபனைற்றைப் பெருவிரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் கந்தக மணம் வரும். செலுலோயிட் கற்பூரம் மணக்கும்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய லிங்கநகர் போன்ற இடங்களில் உப்புக்காற்றும் ஈரமும் பேனைக்குப் பகை. எஃகு நிப்பிலும் முலாம் தேய்ந்த கிளிப்பிலும் துரு முதலில் பிடிக்கும். ஈரமும் வெளிச்சமும் சேர்ந்தால் கறுப்பு எபனைற்று மங்கிப் பாசிபடிந்த பழுப்பாகும். அதை நீக்க மெருகிட்டால் உடலில் பொறித்த பழைய எழுத்தும் அழிந்துபோகும். ஆகவே நிறம் மாறியதை அப்படியே விடுவது நல்லது. வெள்ளிப் பேனையை எபனைற்றுப் பேனையோடு ஒரே பெட்டிக்குள் பூட்டிவைக்கக் கூடாது; எபனைற்று விடும் கந்தக ஆவியில் வெள்ளி கறுக்கும். செலுலோயிட் எளிதில் தீப்பற்றும், காற்றோட்டம் வேண்டும். வாடைக்கால மழை தொடங்கும் ஐப்பசிக்கு முன்னர் மையைக் கழுவி உலர்த்தி, ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொதியோடு வைப்பது போதுமான காப்பு. இரும்புச்சத்துள்ள பழைய மைகள் எஃகு நிப்பை அரிக்கும்.

இன்றைய நிலை

இலங்கையில் 1970 முதல் 1977வரை இறக்குமதி இறுகியிருந்தபோது வெளிநாட்டுப் பேனைகள் அரிதாயின. திறந்த பொருளாதாரத்தின்பின் மீண்டும் வந்தன. 2022 நெருக்கடியில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியதால் ஆடம்பரப் பதிப்புகள் இங்கே எட்டாத பொருளாகிவிட்டன. ஆனால் திருவள்ளூர், இராஜமுந்திரிப் பட்டறைகள் தொடர்ந்து இயங்குகின்றன.