சோறு போட்டே செத்த குதிரைகள்



ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோவில் தேர்த்திருவிழாவுக்கு நம்மில் பல பேர் போயிருப்பீர்கள். சாமி கும்பிட்ட கையோடு சந்தையையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வருவோம். காங்கயம் காளைகள் ஒரு பக்கம், வடநாட்டிலிருந்து வந்த மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகள் ஒரு பக்கம் என்று நிற்கும். அங்கே என்னோடு வந்த துடியலூர்ப் பெரியவர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங்க, அண்ணன்மார் கதையில பொன்னரும் சங்கரும் குதிரை மேல வர்றாங்க. ஐயனாருக்கும் குதிரை இருக்குது. ராஜாக்கள் எல்லாம் குதிரை மேலயே இருந்திருக்காங்க. ஆனா நம்ம காட்டுல ஒருத்தர்கூடக் குதிரையைக் கட்டி உழவு ஓட்டலியே, அது ஏனுங்க?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் போனால், இன்றைக்குக் கறவை மாடு வாங்குகிறவர்களுக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

குதிரை நம் மண்ணிலே பிறந்த பிராணி அல்ல. இன்று உலகத்தில் உள்ள வீட்டுக் குதிரைகளின் வம்சம், ருஷ்யாவின் வோல்கா, டான் நதிகளை ஒட்டிய புல்வெளிகளில் சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் உருவானது என்று மரபணு ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். குளிரும் காற்றும் கடினமான தரையும் உள்ள பூமி அது. நாள் முழுக்க நடந்துகொண்டே புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்த பிராணி அது. அங்கிருந்துதான் தேரிலும் சவாரியிலும் ஏறி உலகம் முழுவதும் பரவியது. சண்டையில் குதிரைப்படை வைத்திருந்தவன் கை ஓங்கியது. தபால், வியாபாரம், பிரயாணம் எல்லாமே அதன் காலை நம்பித்தான் இருந்தன.

ஐரோப்பாவில் குதிரை உழவும் உழுதது. ஆனால் அது சுலபமாக நடக்கவில்லை. நம் காளைக்குத் திமில் இருக்கிறது. நுகத்தடி திமிலுக்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும். குதிரைக்குத் திமில் ஏது? கழுத்தில் பட்டை போட்டு இழுக்கவிட்டால் மூச்சுக்குழல் நெரியும். தோளிலே பதிகிற மாதிரி மெத்தை வைத்த கழுத்துவளையம் அங்கே பரவிய பிறகுதான், அதாவது ஏறக்குறைய 1,000 ஆண்டுகளுக்கு முன்புதான், குதிரை அங்கே ஏருக்கு வந்தது. நமக்கோ திமிலுள்ள காளை இருந்தது. மாற்ற வேண்டிய அவசியமே வரவில்லை.

இரண்டாவது காரணம் விலை. குதிரை நமக்குக் கடல் கடந்து வந்த சரக்கு. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழியாகக் குதிரை வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. நரியைப் பரியாக்கிய திருவிளையாடலை நினைத்துப் பாருங்கள். மாணிக்கவாசகரிடம் பாண்டியராஜா எதற்குப் பணம் கொடுத்து அனுப்பினார்? குதிரை வாங்கிவரத்தானே! குதிரை வாங்குவது அன்றைக்கு அரண்மனைக் கஜானா திறக்கிற விஷயம்.

13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த குதிரைகளைப் பற்றிப் பாரசீக ஆசிரியர் வசாப் எழுதி வைத்திருக்கிறார். வருஷத்துக்கு 10,000 குதிரைகள் பாரசீக வளைகுடாவிலிருந்து கப்பலேறின. ஒன்றின் விலை சராசரியாக 220 பொன் தினார் என்கிறார். தாமிரபரணி முகத்துவாரத்தில் காயல் என்ற துறைமுகம் இருந்தது. இப்போது பழையகாயல் என்கிறோம். அரபுக் குதிரைகள் வந்து இறங்கிய துறை அது.

1290களில் இந்தப் பக்கம் வந்த வெனிஸ் நகரத்து யாத்ரீகர் மார்கோ போலோ, அந்தக் குதிரைகள் பிற்பாடு என்ன ஆயின என்பதை எழுதுகிறார். ராஜா வருஷத்துக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குவாராம். வருஷ முடிவில் 100கூட உயிரோடு மிஞ்சாதாம்! ஏன் செத்தன? பராமரிக்கத் தெரியவில்லை என்கிறார். வெந்த சோற்றையும் வெந்த இறைச்சியையும் தீனியாகப் போட்டார்களாம். லாடம் அடித்து வைத்தியம் பார்க்கத் தெரிந்த ஆளும் கிடையாதாம்.

இன்னொன்றையும் சொல்கிறார். அதைக் கவனமாகக் கேளுங்கள். குதிரை வியாபாரிகள் அப்படிப்பட்ட வைத்தியக்காரனைத் தங்களோடு கூட்டிவர மாட்டார்களாம். வேறு யாரும் வருவதையும் தடுத்துவிடுவார்களாம். குதிரை நன்றாக உயிரோடு இருந்துவிட்டால் அடுத்த வருஷம் வியாபாரம் படுத்துவிடும் அல்லவா?

இதை இன்றைய அறிவோடு பார்ப்போம். குதிரை அசைபோடுகிற பிராணி அல்ல. மாட்டின் பெருவயிறு 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். குதிரையின் இரைப்பையோ 15 லிட்டருக்குள்தான். தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னப் படைக்கப்பட்ட வயிற்றில் மாவுச்சத்தை மொத்தமாகக் கொட்டினால், குடலில் புளித்து, வாயு அடைத்து, வயிற்றுவலியில் புரண்டே செத்துப்போகும். அரிசியிலும் தவிட்டிலும் சுண்ணாம்புச்சத்து குறைவு, மணிச்சத்து அதிகம். அதையே தின்றால் எலும்பு பலம் இழக்கும். நல்ல ஜாதிக் குதிரைகளைச் சேர்த்தாலும் இங்கே கால் கோணிய குட்டிதான் பிறக்கிறது என்று மார்கோ போலோ எழுதியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

அடுத்து விஜயநகர ராஜ்யம். அங்கே தங்கியிருந்த நூனிஸ் என்ற போர்த்துகீசியக் குதிரை வியாபாரி, சாளுவ நரசிம்மரைப் பற்றி எழுதியதைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. உயிரோடு வந்தாலும் சரி, செத்து வந்தாலும் சரி, 1,000 பொன் நாணயத்துக்கு 3 குதிரை என்று அவர் வாங்கிக்கொள்வாராம். கப்பலில் செத்த குதிரைக்கு வாலை மட்டும் அறுத்துக் கொண்டுவந்து காட்டினால் போதும், முழு விலை கிடைக்குமாம். அந்தப் பொன் எல்லாம் யார் கொடுத்த வரி? காட்டிலே ஏர் பிடித்தவன் கொடுத்த வரிதானே!

பட்டு அறிந்தவர்கள் மெல்ல மாறினார்கள். நம் மானாவாரிக் காட்டில் விளைகிற கொள்ளு குதிரைத் தீனி ஆயிற்று. 1824இல் ஏற்பட்ட ஓசூர்ப் பண்ணையில் வெள்ளைக்காரர்கள் பட்டாளத்துக்குக் குதிரை வளர்த்தார்கள். அது பிற்பாடு அரசாங்கக் கால்நடைப் பண்ணை ஆயிற்று. குதிரைகளையும் ஒட்டகங்களையும் கொன்றுகொண்டிருந்த சர்ரா நோய்க்கு, இரத்தத்தில் வாழும் நுண்கிருமிதான் காரணம் என்று 1880இல் கிரிஃபித் எவான்ஸ் என்ற கால்நடை வைத்தியர் கண்டுபிடித்தார். அந்தக் கிருமியைக் கடிக்கிற ஈக்கள் பரப்புகின்றன. ஆனால் இந்த அறிவெல்லாம் வந்து சேர்ந்தபோது, மோட்டார் வண்டியும் பின்னாலேயே வந்துவிட்டது. கோயமுத்தூர் ரயிலடியில் நின்ற குதிரை வண்டிகளும் போய்ச் சேர்ந்தன.

இதோடு நம்முடைய காங்கயம் மாட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் அந்த இனத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்துப் பேர் வாங்கித் தந்தார். அது கப்பலில் வந்த மாடு அல்ல. கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்ந்த கொறங்காட்டிலே இருந்து இந்த வெயிலுக்கும் இந்தத் தீனிக்கும் பழகின மாடு. ராஜாவிடம் பொன் இருந்தது. அந்த மாட்டுக்காரரிடம் மாட்டைப் பற்றிய அறிவு இருந்தது.

சரி, இந்தப் பழங்கதையால் நமக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு அம்மா கடன் வாங்கி நல்ல கலப்பினப் பசு ஒன்றைப் பிடித்து வந்தார். அடுத்த வீட்டில் கல்யாணம் நடந்தது. மிச்சமான சோற்றை வீணாக்க வேண்டாமே என்று ஒரு அண்டா நிறைய மாட்டுக்கு வைத்துவிட்டார். பாசத்தோடுதான் வைத்தார். ராத்திரியே மாடு அசைபோடுவதை நிறுத்திவிட்டது. விடிந்ததும் எழுந்திருக்க முடியவில்லை. டாக்டர் வந்து சேர்வதற்குள் முடிந்துபோயிற்று. கடன் மட்டும் அந்த அம்மா தலைமேல் நின்றது.

சோறு மொத்தமாக உள்ளே போனால் மாட்டின் பெருவயிற்றிலும் அமிலம் பெருகும். பெருவயிறு அசைவதை நிறுத்திவிடும். 700 வருஷத்துக்கு முன்னால் பாண்டியன் லாயத்தில் நடந்ததுக்கும் அந்த அம்மா தொழுவத்தில் நடந்ததுக்கும் ரொம்ப தூரம் இல்லீங்க.

ஆகவே பசு வாங்கும்போது நான்கு விஷயங்களை மறக்காதீங்க. ஒன்று, அது இதுவரை என்ன தீனி தின்றது, எவ்வளவு தின்றது என்று கேளுங்க. வியாபாரியைவிட வளர்த்தவரைக் கேட்பது நல்லது. இரண்டு, புதுத் தீனிக்கு மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாமல், பத்து நாளாவது எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்க. மூன்று, விருந்துச் சோறு, அரிசிக் கஞ்சி, மாவு இவற்றை மொத்தமாக வைக்காதீங்க. தவறி மாடு தின்றுவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்க. ஆப்பச்சோடா கரைத்துக் கொடுக்கிற வழக்கம் உண்டு. அளவை அவரிடம் கேட்டுக்கொண்டு, புரையேறாமல் கொடுங்க. நான்கு, மாட்டை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்பே அரைக் காணியிலாவது பசுந்தீவனம் போட்டுவிடுங்க.

ராஜாவுக்கு 2,000 குதிரை செத்தாலும் அடுத்த கப்பல் வந்தது. நமக்கு ஒரு பசு செத்தால் அடுத்த பசு எந்தக் கப்பலில் வரும்? அதனால் மாட்டை வாங்குவதற்கு முன்னால் அதன் வயிற்றைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.