ஒன்பதாயிரம் ரூபாய் வரம்பு

பிற்படுத்தப்பட்டோர் சலுகைக்கு வருமானச் சான்று கோரும் விதி தமிழகத்தில் ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 1979 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு, ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேற்பட்ட குடும்பங்களை விலக்கிற்று. அரசியல் சாசனம் கூறுவது சமூக, கல்விப் பின்தங்கலையே; வறுமையை அன்று என்று எதிர்ப்பு மூண்டது. 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சிக்குக் கிட்டியவை இரண்டே இடங்கள். ஆணை நீங்கிற்று, 31 விழுக்காடு ஒதுக்கீடு 50 ஆயிற்று.

மத்திய அரசின் வழி வேறு. மண்டல் வழக்கில் உச்சநீதிமன்றம் 1992-இல் அளித்த தீர்ப்பின்படி, வசதி படைத்தோர் விலக்கப்பட்டனர். 1993-இல் ஒரு லட்சமாயிருந்த வரம்பு 2017-இல் எட்டு லட்சமாயிற்று. சம்பளத்தையும் விவசாய வருவாயையும் பிற வருமானத்தோடு கூட்டலாகாது என்பதும் 1993-ஆம் ஆண்டு விதியே.

ஆதலின் மாநிலச் சாதிச் சான்று மத்தியக் கல்லூரிக்கும் பணிக்கும் போதாது. வட்டாட்சியர் அலுவலகத்தில் தனிச் சான்று பெறவேண்டும். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் குடும்பங்கள் இவ்வேறுபாட்டை உணராவிடின், உரிமை ஏட்டில் இருக்கும். இடம் கைநழுவிப் போகும்.