தபாலில் வந்த ஆண்மை

இளைஞர்களுக்கு ஆண்மையைப் பாடமாக்கி விற்கும் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் உருவெடுத்தது. அதன் முதல் பெரிய வியாபாரி யூஜென் சாண்டோ. 1867இல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தவர். மேடையில் பளு தூக்கிப் பிழைத்தவர். 1893இல், உலகக் கண்காட்சி நடந்த சிகாகோவில் உடற்கட்டைக் காட்டியே பெரும்புகழ் பெற்றார். 1897இல் லண்டனில் தேகப்பயிற்சி நிலையம் திறந்தார், மறு ஆண்டு பத்திரிகை தொடங்கினார், நேரில் வர முடியாதவர்களுக்குத் தபாலில் பாடம் அனுப்பினார்.

அந்தப் பாடத்துக்குக் காசு கட்டியவர்களில் நாளெல்லாம் உட்கார்ந்து கணக்கெழுதும் நகரத்துக் குமாஸ்தாக்கள் ஏராளம். உழைத்து உரமேறிய உடம்பே ஆணின் அடையாளம் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு, வாய்த்த வேலையோ பேனா பிடிக்கும் வேலை. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் எடுத்தபோது பலர் உடல்தகுதி இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்டனர். இனமே நலிகிறதோ என்று அஞ்சிய பிரிட்டிஷ் அரசு, அதை ஆராய அமைத்த குழு 1904இல் அறிக்கை தந்தது. ஒரு தலைமுறையின் மனக்குறை நாட்டுக் கவலையாகவும் மாறியதால் சாண்டோவின் கடைக்குக் கூட்டம் சேர்ந்தது. 1901இல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவர் நடத்திய உடற்கட்டுப் போட்டிக்கு எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயிலும் ஒரு நடுவர்.

சாண்டோ இந்தியாவுக்கும் வந்து காட்சிகள் நடத்தினார். அவர் பெயர் தமிழ்நாட்டில் உடற்கட்டு வளர்த்தவர்களுக்குப் பட்டமாகவே ஒட்டிக்கொண்டது. திரைப்படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவர் நாடறிந்த உதாரணம். பெங்களூரில் கே.வி. ஐயர் உடற்பயிற்சிக்கூடம் நடத்தியதோடு தபால் வழியாகவும் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

இந்தத் தொழிலின் முழு நுட்பமும் கைகூடியது அமெரிக்காவில்தான். இத்தாலியின் கலாப்ரியாவில் 1892இல் பிறந்து, சிறுவயதில் புரூக்ளினுக்குக் குடிபெயர்ந்த ஆஞ்சலோ சிசிலியானோ, பிற்பாடு சார்லஸ் அட்லஸ் ஆனார். ஒல்லியான சிறுவனாகக் கடற்கரையில் அவமானப்பட்டதாகவும், விலங்குக் காட்சிசாலையில் சிங்கம் சோம்பல் முறிப்பதைப் பார்த்துத் தம் பயிற்சி முறையைக் கண்டுகொண்டதாகவும் அவரே சொல்லிவந்தார். 1922இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த போட்டியில் அமெரிக்காவிலேயே குறையற்ற உடற்கட்டு உடையவர் என்ற பட்டம் வென்றார். ஆனால் வியாபாரத்தை நிமிர்த்தியவர் சார்லஸ் ரோமன் என்ற இளம் விளம்பரக்காரர். இருவரும் 1929இல் கூட்டுச் சேர்ந்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில்தான் பங்குச்சந்தை சரிந்து பெருமந்தம் தொடங்கியது. வேலையும் வருமானமும் ஆணுக்குத் தந்த மதிப்பு பறிபோன காலத்தில், தன் உடம்பையாவது தானே மாற்றிக்கொள்ளலாம் என்ற வாக்குறுதிக்குத் தனி மவுசு இருந்தது.

காமிக்ஸ் புத்தகங்களின் பக்கங்களில் பல பத்தாண்டுகள் வந்த அவர்களுடைய விளம்பரம் ஒரு குட்டிக் கதை. காதலியோடு கடற்கரையில் இருக்கும் நோஞ்சான் மீது ஒரு முரடன் மணலை உதைத்துவிடுகிறான். அவள் முன்னால் கூனிக்குறுகிய இளைஞன் வீடு திரும்பி, அட்லஸின் பாடத்தை வரவழைத்து, உடம்பைத் தேற்றிக்கொண்டு வந்து முரடனுக்கு ஓர் அறை விடுகிறான். இளைஞன் யாரிடமும் சொல்லாமல் புழுங்கும் அவமானத்தை அந்த விளம்பரம் முதலில் வெளிப்படையாகச் சொன்னது. பிறகு அதிலிருந்து வெளியேற வழி காட்டியது. பின்னாளில் இதே தொழிலுக்கு வந்தவர்கள் இந்த வரிசையை மாற்றவேயில்லை. ஆயினும் அட்லஸின் பாடத்தில் நேர்மை இருந்தது. குறை உடம்பில் என்றார், மருந்து உடற்பயிற்சி என்றார், யாரையும் வெறுக்கச் சொல்லவில்லை. பாடங்கள் பன்னிரண்டு, முடித்தவனுக்கு அட்லஸின் தயவு வேண்டியதில்லை.

பழி திசைமாறியது பின்னர். ஆலைகள் மூடப்பட்டும் பெண்கள் வேலைக்கு வந்தும் குடும்பத்தின் அமைப்பு மாறிய நிலையில், கவிஞர் ராபர்ட் பிளையின் ‘அயர்ன் ஜான்’ என்ற நூல் 1990இல் வெளியானது. அதன் தாக்கத்தில் ஆண்கள் காட்டில் கூடி முரசறைந்து தந்தையின் இழப்பைப் பேசினார்கள். அதில் துக்கம் அதிகம், பகை குறைவு. மறுபுறம் பெண்களை வசப்படுத்தும் உத்திகளை விற்கும் வகுப்புகள் பெருகின. நீல் ஸ்ட்ராஸின் ‘தி கேம்’ என்ற நூல் 2005இல் அவற்றை உலகறியச் செய்தது. பணம் கட்டியும் பலன் காணாதவர்கள் இணையத்தில் திரண்டு, தங்கள் தோல்விக்குப் பெண்களே காரணம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டார்கள். கலிபோர்னியாவின் ஐலா விஸ்டாவில் 2014இல் ஆறு பேரைக் கொன்று தானும் மாண்ட 22 வயது இளைஞன் அத்தகைய ஒரு தளத்தில் எழுதிவந்தவன்.

பிரிட்டனில் வளர்ந்த முன்னாள் கிக்பாக்ஸிங் வீரர் ஆண்ட்ரூ டேட்டுக்குக் கிடைத்தது இப்படி உழுது போட்ட நிலம். அந்நாட்டில் மாணவர்கள் பள்ளித் தேர்வுகளில் மாணவிகளைவிடப் பின்தங்கத் தொடங்கி முப்பதாண்டுக்கு மேலாகிறது. படிப்பில்லாத இளைஞனையும் குடும்பத் தலைவனாக்கிய சுரங்க வேலையும் ஆலை வேலையும் பல ஊர்களில் இல்லாமல் போய்விட்டன. ‘எழுந்திரு, உடம்பைக் கவனி, சம்பாதி, புலம்பாதே’ என்று மூத்த அண்ணனின் அதட்டலோடு பேசினார் டேட். இவை எந்தத் தகப்பனும் சொல்லக்கூடியவை, பையன்களை முதலில் இழுப்பவையும் இவையே. பெண் ஆணின் உடைமை என்ற விஷமும் அதே மூச்சில் வந்தது. தன்னை ஒருவர் பொருட்படுத்திப் பேசுகிறார் என்று மகிழும் பதினைந்து வயதுப் பையனால் இரண்டையும் பிரித்தெடுப்பது கடினம்.

விற்பனை முறையும் புதிது. 2021இல் அவர் தொடங்கிய ‘ஹஸ்லர்ஸ் யுனிவர்சிட்டி’க்கு மாதச் சந்தா ஏறக்குறைய 50 டாலராக இருந்தது. அட்லஸின் பாடத்துக்கு முடிவு இருந்தது, இதற்கு இல்லை. புதிய சந்தாதாரரைச் சேர்த்தவர்களுக்குக் கமிஷன் கிடைத்ததால், உறுப்பினர்களே அவருடைய பேச்சைத் துண்டு வீடியோக்களாக வெட்டி டிக்டாக்கில் பரப்பினார்கள். பேச்சு எவ்வளவு கோபமூட்டியதோ அவ்வளவு பேர் பார்த்தார்கள், பார்க்கப் பார்க்க டிக்டாக் அதை இன்னும் பலரிடம் தள்ளிவிட்டது. மாணவனே விளம்பரப் பலகை ஆனான். 2022 ஆகஸ்டில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப், டிக்டாக் ஆகியவை டேட்டின் கணக்குகளை நீக்கின. டிசம்பரில் ருமேனியாவில் கைதானார். பாலியல் வல்லுறவு, ஆள்கடத்தல் குற்றச்சாட்டுகள் 2023 ஜூனில் பதிவாயின. அவர் அவற்றை மறுக்கிறார். கணக்குகள் போன பிறகும் துண்டு வீடியோக்கள் ஓயவில்லை. அவற்றை ஏற்றியவர்கள் எண்ணற்ற பையன்கள்.