கோட்டையிற் கண்ட கருந்தூண்கள்

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு நம் மரபினர் பலர் மனுவுங் கையுமாய்ச் சென்று வருகின்றனர். போன காரியத்தின் கவலையால் ஆங்குள்ள எதனையும் ஏறெடுத்துப் பாராது மீள்வர். அண்மையில் நம் சங்க அன்பர் சிலருடன், காண்பதொன்றே கருதி நாம் அங்குச் சென்றோம்.

1639-ஆம் ஆண்டில் தாமர்ல நாயக்கரிடம் இடம் பெற்ற ஆங்கிலக் கும்பினியார், மறு ஆண்டே கடலோரத்தில் இக்கோட்டையை எழுப்பலாயினர். 1680-இல் திறந்த புனித மரியன்னை ஆலயம் இன்றும் உள்ளே நிற்கின்றது. கிளைவு மணஞ்செய்துகொண்டது அங்கேதான் என்பர். அது நமக்கு அத்துணைப் பெரிதன்று.

நம் கண்ணைக் கவர்ந்தவை, சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் அமைந்த மாளிகை முகப்பிலுள்ள கரிய தூண்களே. கண்ணாடிபோல் மெருகேறிய அக்கற்கள் ஒருமுறை ஊர்விட்டு ஊர் சென்று மீண்டவை. 1746-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றியபோது அவற்றைப் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோயினர். உடன்படிக்கையின்படி 1749-இல் கோட்டை ஆங்கிலேயர்க்கு மீண்டது; தூண்கள் மீளவில்லை. 1761-இல் புதுச்சேரி வீழ்ந்த பின்னரே அவை திரும்பின. அந்நாளைய புதுவைச் செய்திகளைத் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் தமிழிலேயே எழுதிவைத்தமை நம் நல்லூழாகும்.

கல்லுக்குத் திரும்ப வழி கிடைத்தது, குடிகளுக்கோ கிடைக்கவில்லை. கோட்டைக்கு வடபால், இன்று உயர்நீதிமன்றம் நிற்கும் நிலத்தில், வணிகரும் நெசவாளரும் பிறருமாக நம் நாட்டார் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரம் இருந்தது. பிரெஞ்சுக்காரர் அதில் ஒரு பகுதியை இடித்தனர். 1758-இல் லாலி படையெடுத்து முற்றுகையிட்டு மீண்ட பின், எஞ்சியதை ஆங்கிலேயரே தரைமட்டமாக்கினர். பகைவர் மறைந்து நெருங்க இடமின்றிப் பீரங்கிக்கு வெட்டவெளி வேண்டுமென்பது அவர்தம் காரணம். வீடிழந்தோர் மேலும் வடக்கே சென்று, முத்தியால்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டைப் பக்கங்களில் குடியேறினர். தூண்களைத் தேடி மீட்டவர் இவ்வீடுகளை ஒரு பொருளாக எண்ணினாரல்லர் என்பதே நம் கருத்து.

வெட்டவெளியின் எல்லையைக் குறிக்க 1773-இல் எல்லைத்தூண்கள் நாட்டப்பெற்றன. அவற்றுள் ஒன்று மட்டும் பாரிமுனையில் இன்றும் உளது. கோட்டை அருங்காட்சியகத்தில் 1947 ஆகஸ்டு 15-ஆம் நாள் அங்கே ஏற்றிய தேசியக் கொடி காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. நம்மவர் பிள்ளைகளுடன் சென்று முதலில் அதனைக் கண்டு, திரும்பும்போது பாரிமுனை வரை நடந்து அவ்வெல்லைத்தூணையும் பார்த்து வருவாராக.