பொதுத் தொலை இயக்கியின் வரலாறு

பல நிறுவனங்களின் தொலைக்காட்சிப் பெட்டிகளை ஒரே கருவியால் இயக்க உதவுவது பொதுத் தொலை இயக்கி. கடைகளில் யுனிவர்சல் ரிமோட் என்று கேட்டு வாங்கப்படுவது இதுவே. தொலைக்காட்சிகளுக்கான அகச்சிவப்புக் குறியீடுகளில் எல்லா நிறுவனங்களும் பின்பற்றும் பொதுத் தரம் ஒன்று உருவாகவில்லை. அந்தக் குறையை ஈடுகட்ட எடுக்கப்பட்ட முயற்சிகளே இக்கருவியின் வரலாறு.

ஒளியும் ஒலியும்

அமெரிக்காவின் செனித் நிறுவனம் 1950-ல் வெளியிட்ட ‘லேசி போன்ஸ்’ இயக்கி, தொலைக்காட்சியுடன் கம்பியால் இணைக்கப்பட்டிருந்தது. அந்நிறுவனப் பொறியாளர் யூஜின் பாலி 1955-ல் உருவாக்கிய ‘ஃபிளாஷ்-மேட்டிக்’ கம்பியில்லாதது. திரையின் நான்கு மூலைகளிலும் இருந்த ஒளி உணரிகள் மீது கைவிளக்குப் போன்ற கருவியால் ஒளியைப் பாய்ச்ச வேண்டும். ஆனால் வெயில் பட்டாலும் அந்த உணரிகள் தூண்டப்பட்டன. 1956-ல் வந்த ராபர்ட் ஆட்லரின் ‘ஸ்பேஸ் கமாண்ட்’ ஒளியை விட்டு மீயொலிக்கு மாறியது. பொத்தானை அழுத்தினால் சிறு சுத்தியல் ஒன்று அலுமினியத் தண்டைத் தட்டும். மனிதக் காதுக்கு எட்டாத ஒலி எழும். இதற்கு மின்கலம் தேவைப்படவில்லை.

இம்முறையில் ஒவ்வொரு கட்டளைக்கும் தனி அதிர்வெண் வேண்டும் என்பதால் கட்டளைகளைப் பெருக்குவது கடினமாக இருந்தது. பிரிட்டனில் பிபிசி 1974-ல் தொடங்கிய சீஃபாக்ஸ் எழுத்துச் சேவையின் பக்கங்களை மூன்று இலக்க எண்களால் அழைக்க வேண்டியிருந்தது. இத்தகைய தேவைகள் பெருகியபோது, பல கட்டளைகளை எண்களாக அனுப்பக்கூடிய அகச்சிவப்பு முறை 1980-களில் மீயொலியின் இடத்தைப் பிடித்தது.

நிறுவனத்துக்கு ஒரு மொழி

இயக்கியின் முனையிலுள்ள எல்இடி, கண்ணுக்குத் தெரியாத ஒளியை விநாடிக்கு ஏறத்தாழ 36,000 முதல் 40,000 முறை அணைத்து எரிக்கிறது. தொலைக்காட்சியின் ஏற்பி இந்தத் துடிப்பை மட்டுமே தேடுவதால் வெயிலும் விளக்கொளியும் பெரிதாகக் குறுக்கிடுவதில்லை. துடிப்புத் தொடர்களையும் அவற்றுக்கு இடையிலான இடைவெளிகளையும் கொண்டு 0, 1 என்ற இலக்கங்கள் உணர்த்தப்படுகின்றன.

இந்த இலக்கங்களை அடுக்கும் முறையில்தான் நிறுவனங்கள் வேறுபட்டன. பிலிப்ஸின் ஆர்சி-5 முறை 36 கிலோஹெர்ட்சில் 14 பிட்டுகளை அனுப்புகிறது. ஜப்பானின் என்இசி முறை 38 கிலோஹெர்ட்சில் 32 பிட்டுகளை அனுப்புகிறது. அதில் கருவியின் முகவரியும் கட்டளையும் நேராக ஒருமுறையும், 0-ஐ 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றி மறுமுறையும் வரும். பிழையைக் கண்டறிய இந்த ஏற்பாடு. சோனி 40 கிலோஹெர்ட்சைத் தேர்ந்தெடுத்தது. ஒலியைக் கூட்டும் கட்டளை எண் ஆர்சி-5 முறையில் 16, சோனி முறையில் 18. எனவே ஒன்றின் இயக்கி மற்றொன்றுக்கு உதவவில்லை. தொலைக்காட்சி, வீடியோ பெட்டி, ஒலிக்கருவி என்று வாங்க வாங்க வீட்டில் இயக்கிகளின் எண்ணிக்கையும் கூடியது.

கற்கும் இயக்கியும் குறியீட்டுப் பட்டியலும்

பிலிப்ஸ் நிறுவனம் மேக்னவாக்ஸ் என்ற பெயரில் 1985-ல் பொதுத் தொலை இயக்கியை அறிமுகப்படுத்தியது. ஆப்பிளின் இணை நிறுவனர் ஸ்டீவ் வாஸ்னியாக் தொடங்கிய சிஎல்9 நிறுவனம் 1987-ல் ‘கோர்’ என்ற இயக்கியை வெளியிட்டது. பழைய இயக்கியை இதன் எதிரே வைத்துப் பொத்தானை அழுத்தினால், வரும் துடிப்புகளை அளந்து நினைவில் வைத்துக்கொண்டு பின்னர் அப்படியே திருப்பி அனுப்பும். பழைய இயக்கி கையில் இருந்தால்தான் இம்முறை பயன்படும் என்பது இதன் வரம்பு.

இயக்கி தொலைந்தவர்களுக்கு மற்றொரு முறை உதவியது. பல நிறுவனங்களின் குறியீடுகளை இயக்கியின் நினைவகத்தில் முன்கூட்டியே பதித்து, ஒவ்வொரு தொகுப்புக்கும் மூன்று அல்லது நான்கு இலக்க எண் தரப்பட்டது. பயனர் தம் தொலைக்காட்சிக்குரிய எண்ணைப் பட்டியலில் பார்த்து அழுத்த வேண்டும். எண் தெரியாவிட்டால் தானியங்கித் தேடல் உண்டு: இயக்கி ஒவ்வொரு தொகுப்பின் அணைப்புக் கட்டளையையும் வரிசையாக அனுப்பும், தொலைக்காட்சி அணைந்ததும் தேடலை நிறுத்தி அந்தத் தொகுப்பைச் சேமிக்கலாம். இரு தொகுப்புகளில் அணைப்புக் கட்டளை ஒன்றாக இருந்து மற்றவை வேறாக இருப்பதும் உண்டு. அதனால்தான் சில நேரம் ஒலி மாறும், மெனு வராது. அடுத்த எண்ணை முயன்று பார்க்க வேண்டும்.

காலப்போக்கில் பெட்டியின் முகப்பிலிருந்த பொத்தான்கள் குறைந்து, பெரும்பாலான அமைப்புகள் இயக்கி வழியே மட்டும் எட்டக்கூடியவை ஆயின. இயக்கியை இழந்தால் நல்ல நிலையிலுள்ள பெட்டியும் பாதி பயனற்றதாகிவிடும் நிலையில், பொதுத் தொலை இயக்கி அதன் ஆயுளை நீட்டித்தது.

திறந்த குறியீடுகள்

வழக்கமான அகச்சிவப்புக் கட்டளைகளுக்குப் பூட்டு எதுவும் இல்லை. எந்தக் கருவியிலிருந்து வருகிறது என்று தொலைக்காட்சி பார்ப்பதில்லை. குறியீடு சரியாக இருந்தால் போதும். 1990-களின் பிற்பகுதியில் லினக்ஸ் கணினிகளுக்கான எல்ஐஆர்சி மென்பொருளின் பயனர்கள் தாங்கள் அளந்த குறியீடுகளைக் கோப்புகளாகப் பகிர்ந்துகொண்டனர். நிறுவனங்கள் ஒரு பொதுத் தரத்தைத் தராத இடத்தில் பயனர்களே பட்டியலைத் தொகுத்தனர். இதே திறந்த தன்மையால்தான் 2004-ல் மிட்ச் ஆல்ட்மேன் வெளியிட்ட ‘டிவி-பி-கான்’ என்ற சாவிக்கொத்துக் கருவி பொது இடங்களில் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சிகளை அணைக்க முடிந்தது.

இன்று பல திறன் தொலைக்காட்சிகளின் இயக்கிகள் புளூடூத் வழியே இயங்குகின்றன. அவற்றைப் பெட்டியுடன் முதலில் இணைக்க வேண்டும்; அந்தக் கட்டளைகளை அகச்சிவப்புப் போலப் பதிவுசெய்து திருப்பி அனுப்ப முடியாது. அகச்சிவப்பு ஏற்பியும் உள்ள பெட்டிகளில் மட்டுமே பழைய முறை தொடர்ந்து பயன்படுகிறது.