அளந்து செய்யும் சிகிச்சை: ஈறுநோயில் ஆழ்சுத்தத்தின் இடம்

ஈறுநோய்க்கான ஆழ்சுத்தத்தைப் பற்றி நம்மிடையே இரண்டு நம்பிக்கைகள் நிலவுகின்றன. சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்று அஞ்சி, துலக்கும்போதெல்லாம் ரத்தம் கசிந்தும் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் ஒரு பக்கம். வாய் முழுவதையும் ஒருமுறை சுரண்டிவிட்டால் நோய் தீர்ந்தது என்று எண்ணுகிறவர்கள் மறுபக்கம். இருவருமே இதை வாய்க்குச் செய்யும் துப்புரவாகப் பார்க்கிறார்கள். உண்மையில் இது, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உருவாகி, அளந்து கண்டறியப்பட்ட பைகளுக்குச் செய்யும் சிகிச்சை. அளக்காமல் இதைத் தொடங்கக் கூடாது. திரும்ப அளக்காமல் முடிந்தது என்று சொல்லவும் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அளப்பதற்குரிய கருவி மிக எளியது. மில்லிமீட்டர் கோடுகள் இட்ட, உருண்டை முனையுள்ள மெல்லிய புரோப். அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, பல்லுக்கு ஆறு இடங்கள் என்று ஆழம் குறிக்கிறார்கள். இருபத்தெட்டுப் பல் உள்ள வாயில் 168 எண்கள். மூன்று மில்லிமீட்டர் வரை இயல்பு. நான்கும் அதற்கு மேலும் போய், புரோப்பை எடுத்ததும் ரத்தம் துளிர்த்து, எக்ஸ்ரேயில் எலும்பும் கரைந்திருந்தால் அது பெரியோடான்டைட்டிஸ், அதாவது பல்லைத் தாங்கும் எலும்பையே அரிக்கும் ஈறுநோய். கண்ணுக்குத் தெரியும் காரை இந்த ஆழத்தைச் சொல்வதில்லை. கீழ் முன்பற்களின் உட்புறத்தில் வெளிர்மஞ்சளாகப் படிவது உமிழ்நீரின் தாதுக்களால் ஆனது. உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் அங்கே திறப்பதால் அந்த இடத்தில் அதிகம் சேர்கிறது. ஈறுக்கு அடியில் உருவாவதோ கருத்து, கெட்டித்து, வேரோடு இறுக ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடியில் பார்த்து யாரும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

இந்த நோய் சிகிச்சையே இல்லாமல் விடப்பட்டால் எப்படிப் போகும் என்பதற்கு உலகம் இன்றும் எடுத்துக்காட்டும் சான்று இலங்கை மலையகத்துத் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் வாயிலிருந்து கிடைத்தது. நார்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோ, 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸில் பன்னிரண்டு பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்து, பத்து முதல் இருபத்தொரு நாளுக்குள் அனைவருக்கும் ஈறழற்சி வருவதையும், துலக்கத் தொடங்கியதும் அது மறைவதையும் காட்டியவர். அவருடைய குழு 1970இல் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண்களைப் பரிசோதித்து, 1985 வரை திரும்பத் திரும்ப வந்து அளந்தது. அவர்களுக்குப் பல் துலக்கும் வழக்கமில்லை. பல் மருத்துவமும் எட்டவில்லை. சொத்தை அநேகமாக இல்லாததால், விழுந்த பற்களை ஈறுநோயின் கணக்கிலேயே எழுத முடிந்தது. எல்லோருடைய பல்லிலும் காரை, எல்லோருடைய ஈறிலும் அழற்சி. ஆனால் முடிவு எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாகப் பரவி, நாற்பத்தைந்து வயதுக்குள் பல்லே இல்லாமல் போனது. 81 சதவீதத்தினருக்கு மிதமான வேகம். 11 சதவீதத்தினருக்கு ஈறு வீங்கியிருந்தும் எலும்பின் பிடிமானம் அநேகமாகக் குறையவே இல்லை.

இந்தக் கடைசி எண்ணைத்தான் நாம் போதிய அளவு கவனிக்கவில்லை. கிருமிப் படலமும் காரையும் இருந்தால் எலும்பு போயே தீரும் என்பது தவறு. உடலின் எதிர்வினைக்கும் பங்குண்டு. ஆகவே காரையைப் பார்த்த மாத்திரத்தில் எல்லோருக்கும் ஆழ்சுத்தம் என்று எழுதிக்கொடுப்பதற்கு அறிவியல் இடந்தரவில்லை. அதே ஆய்வில் உள்ள 81 சதவீதத்தைப் பார்த்தால், தேவைப்படுகிறவர்களின் எண்ணிக்கை சிறியதல்ல என்பதும் விளங்கும். பதினைந்து ஆண்டுகள் அளக்கப்பட்ட அந்த வாய்களுக்குச் சிகிச்சை எட்டாமலே இருந்தது என்பதை ஒரு தமிழ் வாசகர் எளிதில் கடந்துபோக முடியாது. நானும் கடக்க விரும்பவில்லை.

சிகிச்சை என்ன செய்கிறது? மரத்துப்போகும் ஊசி போட்டு, அல்ட்ராசோனிக் கருவியாலோ வளைந்த கைக்கருவியான கியூரெட்டாலோ வேரின் மேலுள்ள காரையையும் கிருமிப் படலத்தையும் அகற்றுகிறார்கள். நச்சு ஊறிய வேரின் மேலடுக்கையே சீவி எடுத்தால்தான் ஈறு ஒட்டும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1988இல் நீமனும் சக ஆய்வாளர்களும், ஈறைத் திறந்து, சில பற்களில் மேலடுக்கைச் சீவியும், சிலவற்றில் காரையை மட்டும் எடுத்து மெருகிட்டும் ஒப்பிட்டார்கள். ஆறியதில் வேறுபாடு இல்லை. அதற்குச் சற்று முன்பே ஸ்வீடனில் பாடர்ஸ்டனின் குழு, 12 மில்லிமீட்டர் வரை ஆழமுள்ள ஒற்றை வேர்ப் பற்களின் பைகளும் அறுவை இல்லாமலே நன்கு தேறுவதைக் காட்டியிருந்தது. கைக்கருவியா அல்ட்ராசோனிக்கா என்பது பெரிய பொருட்டாக இருக்கவில்லை. வேர்கள் பிரியும் கடைவாய்ப் பற்களில் பலன் குறைவு. கருவி நுழைய இடமில்லாததே காரணம்.

ஆழமான பைக்கு நன்மை தருவது ஆழமற்ற இடத்தில் தீங்காகிறது. 1982இல் லிண்டேயும் சக ஆய்வாளர்களும் வகுத்த எல்லை சுமார் 2.9 மில்லிமீட்டர். அதற்குக் கீழே வேரைச் சுரண்டினால் பிடிமானம் கூடுவதற்குப் பதில் சற்றுக் குறைகிறது. அளவு குறிக்காமல் வாய் முழுவதும் ஆழ்சுத்தம் செய்வது, ஆரோக்கியமான ஈறையும் சேர்த்துக் காயப்படுத்துவதுதான். ஆழ அட்டவணையே இல்லாமல் பரிந்துரைக்கப்படும் ஆழ்சுத்தத்தை நோயாளி கேள்வி கேட்பது முழுக்க நியாயம்.

பல் ஆடுமே என்ற அச்சத்தையும் இந்த அளவுகளே விளக்குகின்றன. பல்லை ஆடச் செய்வது எலும்பு இழப்பு. அடுத்தடுத்த பற்களை ஒன்றாகப் பிணைத்திருந்த காரை போனதும், முன்பே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. வீக்கம் வடிந்து ஈறு இறங்குவதால் இடைவெளி தெரிகிறது, வேர் கூசுகிறது. சுத்தத்துக்கு முன்பே அட்டவணையைக் காட்டி இதைச் சொல்லிவிடும் மருத்துவரிடம் நோயாளி திரும்பி வருவார்; சொல்லாதவரிடமிருந்து அச்சம்தான் ஊரெங்கும் பரவும்.

ஒருமுறையோடு தீர்ந்தது என்று எண்ணுகிறவர்களுக்கு, ஆக்செல்சனும் லிண்டேயும் 1981இல் வெளியிட்ட ஆய்வே பதில். சிகிச்சை முடிந்த 90 பேரில் மூன்றில் ஒருவர் வழக்கமான பல் மருத்துவரிடம் திருப்பி அனுப்பப்பட்டார்; மற்றவர்கள் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அழைக்கப்பட்டுப் பராமரிக்கப்பட்டார்கள். ஆறு ஆண்டுகளில் பராமரிப்புப் பெற்றவர்கள் பெற்ற நன்மையைக் காத்துக்கொண்டார்கள். திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு நோய் மீண்டது. படலம் தினமும் உருவாகிறது, கருவியோ என்றைக்கோ ஒருநாள் வருகிறது. ஐரோப்பிய ஈறுநோய்க் கூட்டமைப்பின் 2020 வழிகாட்டி துலக்கும் முறையையும் புகையிலையை விடுவதையும் முதல் படியாகவும், ஈறுக்கு அடியிலான சுத்தத்தை இரண்டாம் படியாகவும் வைப்பது இதனால்தான். நீரிழிவு உள்ளவர்களுக்கு இதில் கூடுதல் லாபமும் உண்டு: 2022இன் காக்ரேன் தொகுப்பாய்வின்படி, ஈறுநோய்ச் சிகிச்சைக்குப் பின் மூன்று நான்கு மாதங்களில் நீண்டகாலச் சர்க்கரை அளவைக் காட்டும் ஹெச்பிஏ1சி சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி குறைகிறது.

சுத்தத்துக்குப் பின் ஈறு ஆற சில மாதங்கள் விட்டு, அதே ஆறு இடங்களை மறுபடி அளக்க வேண்டும். ரத்தம் கசியாமல் நான்கு மில்லிமீட்டருக்குள் நின்ற இடங்கள் பராமரிப்புக்குப் போகும். நான்கும் ஐந்துமாகக் கசிந்துகொண்டிருப்பவற்றை மீண்டும் சுத்தம் செய்யலாம். ஆறும் அதற்கு மேலுமாக நிற்பவற்றுக்கு அறுவையைப் பற்றிப் பேச வேண்டிவரும். இந்த மறு அளவீட்டுக்கான நாளைக் குறித்த பிறகே முதல் அமர்வைத் தொடங்க வேண்டும். இரண்டு அட்டவணைகளின் நகலும் நோயாளியின் கையில் இருக்க வேண்டும்.