பாஸ்கா: அடிமை வாழ்வை மறவாதவர்களின் விழா

'பாஸ்கா' என்னும் சொல் 'பெசாக்' என்ற எபிரேயச் சொல்லிலிருந்து கிரேக்கம் வழியாக நமக்கு வந்தது. 'கடந்து செல்லுதல்' என்று இதற்குப் பொருள் கொள்கிறோம். எகிப்தில் ஆட்டுக்குட்டியின் இரத்தம் பூசப்பட்டிருந்த இஸ்ரயேலரின் வீடுகளை ஆண்டவர் கடந்து சென்றார். தலைப்பேறுகளின் சாவு அவ்வீடுகளைத் தீண்டவில்லை (விப 12:27). கிறிஸ்துவின் பாடுகள், சாவு, உயிர்ப்பு ஆகியவற்றையும் நாம் பாஸ்கா மறைபொருள் என்றே அழைக்கிறோம்.

விருந்தின் அடையாளங்கள்

விடுதலைப் பயண நூலின் 12ஆம் அதிகாரம் இவ்விழாவை விளக்குகிறது. பழுதற்ற ஒரு வயதுக் கிடாயை முதல் மாதத்தின் 10ஆம் நாளில் தேர்ந்துகொண்டு, 14ஆம் நாள் மாலையில் வெட்ட வேண்டும். ஓர் ஆட்டை உண்ண ஆள் போதாத சிறு குடும்பம் அண்டை வீட்டாரோடு சேர்ந்துகொள்ளலாம். இடையில் கச்சை, காலில் மிதியடி, கையில் கோல் என்று பயணக் கோலத்திலேயே உண்ண வேண்டும். மாவு புளிக்கக் காத்திருக்க நேரமில்லாததால் புளிப்பற்ற அப்பம். அதனோடு கசப்புக் கீரை. எகிப்தியர் கடும் வேலையால் இஸ்ரயேலரின் வாழ்வைக் கசப்பாக்கினர் என்று நூலின் தொடக்கம் கூறுகிறது (விப 1:14). எபிரேயத்தில் அந்தக் கசப்பும் இந்தக் கீரையின் பெயரும் ஒரே வேர்ச்சொல்லில் பிறந்தவை.

யாருக்கு ஊழியம்?

இன்னொரு சொல்லும் நம் சிந்தனைக்குரியது. பார்வோனுக்குச் செய்த அடிமை வேலையையும் (விப 1:14), ஆண்டவருக்கு நிறைவேற்றும் பாஸ்கா வழிபாட்டையும் (விப 12:25-26) எபிரேய மூலம் 'அவோதா' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறது. எனவே விடுதலை என்பது தலைவரே இல்லாத நிலையன்று, தலைவர் மாறுகிறார். பார்வோன் வைக்கோலை நிறுத்திவிட்டு, செங்கல் கணக்கை மட்டும் குறைக்காமல் கேட்டவன் (விப 5). ஆண்டவரோ ஓய்வுநாளைத் தந்து, வீட்டின் அடிமைகளும் இளைப்பாற வேண்டும் என்கிறார். எகிப்தில் நீயும் அடிமையாயிருந்தாய் என்பதே அதற்கு அவர் கூறும் காரணம் (இச 5:14-15).

நினைவு கடமையாகிறது

இஸ்ரயேலில் அடிமைமுறை அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் எகிப்தின் நினைவு அதற்கு வரம்பு கட்டியது. எபிரேய அடிமையை ஏழாம் ஆண்டில் விடுவிக்க வேண்டும். வெறுங்கையாய் அனுப்பக் கூடாது (இச 15:12-15). ஏழைக் கூலியாளின் கூலியைக் கதிரவன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும் (இச 24:14-15).

இந்த நினைவு மங்கினால் என்ன நேரும் என்பதை எரேமியா நூலின் 34ஆம் அதிகாரம் காட்டுகிறது. பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டபோது, செதேக்கியா அரசர் மக்களோடு உடன்படிக்கை செய்தார். அதன்படி எல்லாரும் தங்கள் எபிரேய அடிமைகளை விடுவித்தனர். பின்னர் பகைவரின் படை சற்றே விலகியது. விடுவித்தவர்களோ மனம் மாறி, அதே மனிதரை மீண்டும் பிடித்து அடிமைகளாக்கினர். எகிப்திலிருந்து மீட்ட நாளை ஆண்டவர் இறைவாக்கினர் வழியாக அவர்களுக்கு நினைவூட்டி, தண்டனைத் தீர்ப்பு அளித்தார். பாபிலோனியர் திரும்பி வந்தனர், நகர் வீழ்ந்தது. வழிபாட்டில் மட்டும் விடுதலையைக் கொண்டாடி, வாழ்வில் பார்வோனைப் பின்பற்றுவதன் முடிவு இதுவே.

நம் பாஸ்கா ஆடு

கிறிஸ்துவே நம் பாஸ்கா ஆடு என்கிறார் புனித பவுல் (1 கொரி 5:7). பாஸ்கா ஆட்டின் எலும்பை முறிக்கலாகாது என்ற கட்டளை (விப 12:46) சிலுவையில் நிறைவேறியதை யோவான் சுட்டிக்காட்டுகிறார் (யோவா 19:36). பாவத்தின் அடிமைத்தனத்திலிருந்து நம்மை மீட்டவர், பாஸ்கா விழா நெருங்கிய அந்த இரவில் என்ன செய்தார்? அடிமையின் வேலையாகிய காலடி கழுவுதலைத் தாமே செய்தார் (யோவா 13). பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் விடுதலைப் பயணம் 12ஆம் அதிகாரமும் யோவான் 13ஆம் அதிகாரமும் ஒருசேர வாசிக்கப்படுவது ஆழ்ந்த பொருளுடையது. பாஸ்கா திருவிழிப்பிலும் செங்கடலைக் கடந்த வாசகம் ஒருபோதும் விடப்படுவதில்லை.

ஆகவே, நற்கருணைப் பந்தியை அணுகும்போது நம்மையே கேட்டுக்கொள்வோம். நம் வீட்டிலும் வயலிலும் கடையிலும் உழைப்பவர் உரிய கூலியை உரிய வேளையில் பெறுகிறாரா? அவருக்கு ஓய்வுநாள் உண்டா? மன்னித்து விடுவித்த ஒருவரைப் பழைய கடனுக்காக நாம் மீண்டும் பிடித்துக்கொண்டிருக்கிறோமா? நாம் கடந்து வந்த கடலைப் பிறரும் கடக்க வழிவிடுவோம். அதுவே பாஸ்கா மக்களுக்குரிய வாழ்வு.